பிக்கப் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏன் உதைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பிக்கப் வண்டியில் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் ஒரு குலுக்கல் தெரியத் தொடங்கினால், கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டுமோ என்ற அச்சம்தான் முதலில் எழும். பிரித்தே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. ஆனால் உதைப்பு ஓர் அறிகுறி மட்டுமே. அது எப்போது, எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா வருகிறது என்று கேட்காமல் காரணத்தைச் சொல்லிவிடும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

கியர் மாறும் நொடியில் உள்ளே என்ன நடக்கிறது?

கையால் கியர் போடும் வண்டியைப் பழகியவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இங்கே பற்சக்கரங்கள் இடம் மாறுவதே இல்லை என்பதுதான். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு சக்கரங்கள், அவற்றை வளைத்து ஒரு வெளிவளையம் என்று அமைந்த பிளானட்டரி தொகுதிகள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. அவற்றில் எதைச் சுழல விடுவது, எதை அசையாமல் பிடிப்பது என்பதைக் கிளட்ச் தட்டுகளின் அடுக்குகள் தீர்மானிக்கின்றன. எந்த அடுக்குகள் பிடித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்பது அமைகிறது.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது ஓர் அடுக்கு பிடியை விட, இன்னோர் அடுக்கு பிடியை ஏற்க வேண்டும். இந்தக் கைமாற்றம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. புதிதாகப் பிடிக்கவிருக்கும் அடுக்கின் பின்னால் உள்ள பிஸ்டன் அறை முதலில் ஆயிலால் நிரம்ப வேண்டும்; பிறகு தட்டுகள் மெல்லத் தொட வேண்டும்; அதன் பிறகே அழுத்தம் ஏறி முழுப் பிடி கிடைக்க வேண்டும். அறை நிரம்பத் தாமதமானால், பழைய அடுக்கு விட்டுவிட்ட நிலையில் புதியது பிடிக்காமல் எஞ்சினின் சுழற்சி மட்டும் துள்ளி ஏறும். பின்னர் திடீரென்று பிடிக்கும்போது வண்டி உதைக்கும். மாறாக, அறை முன்கூட்டியே நிரம்பினால் இரண்டு அடுக்குகளும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்ததுபோல் வண்டி ஒரு கணம் முட்டும். உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே உதைப்பாகத்தான் தெரியும். காரணங்களோ நேரெதிரானவை.

இந்த ஆயில் அழுத்தத்தை வால்வ் பாடி என்னும் அலுமினியப் பாகம் பங்கிட்டு அனுப்புகிறது. அதிலுள்ள சோலனாய்டுகளை, அதாவது ஆயிலின் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வுகளை, கியர்பாக்ஸின் கணினி இயக்குகிறது. எனவே உதைப்பு ஆயிலிலும் தொடங்கலாம், தட்டுகளிலும் தொடங்கலாம், வால்வ் பாடியிலும் தொடங்கலாம், கணினிக்கு வந்து சேரும் தகவலிலும் தொடங்கலாம்.

பணிமனைக்குப் போவதற்கு முன் எதையெல்லாம் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்?

இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் சேகரித்த குறிப்பு, வண்டியின் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேன் கருவியைவிட அதிகம் சொல்லும் சமயங்கள் உண்டு. முதலில் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். உதைப்புக்கு முன் முள் மேலே துள்ளினால் ஏதோ ஓர் அடுக்கு வழுக்குகிறது என்று பொருள். உடனே கவனிக்க வேண்டிய நிலை அது. முள் துள்ளாமல் சட்டென்று இறங்கி உதைத்தால் அழுத்தம் மிகுதியாக இருக்கலாம், அல்லது பிடிப்பு முந்திக்கொள்ளலாம்.

அடுத்தது, உதைப்பு ஒரே ஒரு மாற்றத்தில் மட்டுமா, எல்லா மாற்றங்களிலுமா என்பது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் உதைத்து மற்ற நேரங்களில் வண்டி மென்மையாக ஓடினால், அந்த அடுக்கோ, அதற்குரிய சோலனாய்டோ, வால்வ் பாடியில் அதற்கு ஆயில் செல்லும் வழியோதான் சந்தேகத்துக்குரியது. எல்லா மாற்றங்களும் கடுமையாக இருந்தால் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்: ஆயிலின் அளவு, முதன்மை அழுத்தம், எஞ்சின் தரும் இழுவை பற்றிய தவறான தகவல் ஆகியவை அத்தகையவை.

மூன்றாவது, வெப்பம். காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் கடுமையாக இருந்து பிறகு சரியாகிவிடும் வண்டியில் ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் ஓரளவு கடினம் இயல்பும்கூட. சூடேறிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்றால், வால்வ் பாடியின் துளைகள் தேய்ந்து, இளகிய ஆயில் அவற்றின் வழியே கசிந்து அழுத்தம் குறைவது ஒரு வழக்கமான காரணம். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் வண்டியை ஒப்படைத்துவிட்டு, குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்தவர் குறையே இல்லை என்று திருப்பித் தரும்போது வருந்துபவர்கள் பலர்.

நின்ற நிலையில் 'பி'யிலிருந்து 'டி'க்கோ 'ஆர்'க்கோ மாற்றியதும் ஓரிரு நொடி எதுவும் நடக்காமல் இருந்து பிறகு இடித்தால், ஆயில் குறைவு, அடைபட்ட ஃபில்டர், தேய்ந்த சீல் என்ற வரிசையில் பார்க்கலாம். தாமதமே இல்லாமல் உடனே இடித்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் ஐடில் சுழற்சி அதிகமாக இருக்கலாம், அல்லது கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கலாம்.

ஆயிலை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் மசகு மட்டுமன்று. கிளட்சை அழுத்துவதும் அதுவே, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினின் விசையைக் கடத்துவதும் அதுவே, வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதுவே. ஒரு லிட்டர் குறைந்தாலும் சரிவிலும் வளைவிலும் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். காற்று அமுங்கும் தன்மை உடையதால் பிஸ்டனுக்குப் போகும் அழுத்தம் தளர்ந்து, பிடிப்பு தடுமாறும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறுதான். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான பிக்கப்களில் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடாக இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலைப் பார்ப்பதுபோல் நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில், பொதுவாக 40 டிகிரி செல்சியஸை ஒட்டி, பக்கவாட்டு அடைப்பைத் திறந்து, ஆயில் மெல்லிய இழையாக வழிகிறதா என்று பார்க்கும் முறையே உள்ளது. வெப்பநிலையை ஸ்கேன் கருவியில் படிக்காமல் இதைச் செய்வது குருட்டு வேலை. வெப்பத்தில் ஆயில் விரிவடைவதால், கொதிக்கும் வண்டியில் அளந்து அடைத்தால் குளிர்ந்த பிறகு அளவு குறைந்துவிடும்.

பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் ஆயில் காலப்போக்கில் பழுப்பாவது இயல்பு. கறுத்து, கருகிய வாடை வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டரின் கூலன்ட் உள்ளே புகுந்திருக்கிறது; அந்த வண்டியை அதன்பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, ஏனெனில் கூலன்டில் உள்ள கிளைக்காலும் நீரும் தட்டுகளின் உராய்வுப் படலத்தை உப்பச் செய்து, அதை ஒட்டியிருக்கும் பசையையும் கரைத்துவிடும். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் அடித்தட்டைக் கழற்றும்போது, அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது கவலைக்குரியதன்று. விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் கிடந்தால் ஆயில் மாற்றி மிச்சப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டது.

'வாழ்நாள் ஆயில்' என்று கையேடு சொல்கிறதே, மாற்ற வேண்டுமா? மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்களே?

மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து, அதிலும் சுமை ஏற்றும், டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு. பல பிக்கப்களில் பயன்படும் 8 கியர் கொண்ட கியர்பாக்ஸ்களை வடிவமைத்த ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், ஆயிலை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. ஆயில் இயல்பாக வேலை செய்யும் வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது துறையில் உள்ளவர்கள் கொள்ளும் தோராயக் கணக்கு. மலைச்சாலையில் பாரம் இழுக்கும் வண்டியின் ஆயில், நகரில் ஒருவர் மட்டும் போய்வரும் வண்டியின் ஆயிலைப்போல் நீடிக்காது.

'மாற்றியதும் கெட்டுவிட்டது' என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றுகிறார்கள். சில நாட்களில் கியர்பாக்ஸ் நின்றுவிடுகிறது. பழி புதிய ஆயிலின் மேல் விழுகிறது. இயந்திரத்தால் வேகமாக அழுத்திக் கழுவும் முறையில் அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வுகளை அடைக்கக்கூடும் என்பதால், பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட வண்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் வடித்து ஊற்றுவதே பாதுகாப்பான வழி. ஒரு முறை வடித்தால் மொத்த ஆயிலில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே வெளியே வரும். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடுகிறது.

டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ், ஏடிஎஃப்+4 என்று கையேட்டில் எந்தத் தரம் எழுதப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். நிறம் ஒன்றுதான் என்று வேறொன்றை ஊற்றினால், உராய்வைக் கட்டுப்படுத்தும் சேர்மானங்கள் மாறி, நல்ல கியர்பாக்ஸே உதறத் தொடங்கும்.

கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்க முடியுமா?

முடியும். பிக்கப்பில் இதை முதலில் பார்க்காமல் கியர்பாக்ஸைத் தொடவே கூடாது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட், சில வண்டிகளில் அதை இரண்டாகப் பிரித்து நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், முனைகளில் சிலுவை வடிவ இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட், பின்னால் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், லீஃப் ஸ்பிரிங்கின் மேல் முறுகும் அச்சு என்று விசை செல்லும் பாதையில் பல இணைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிறிது தளர்வு சேர்ந்தால், கியர் மாறும்போது விசையின் திசை மாறும் கணத்தில் அந்தத் தளர்வு முழுவதும் ஒரே அடியாக வெளிப்படும்.

என் சொந்த வண்டியில் சிக்னலில் நிற்கும் தருவாயில் பின்னாலிருந்து ஓர் அடி விழும். நின்று கிளம்பும்போதும் அப்படியே. ஒரு பணிமனையில் கியர்பாக்ஸை முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்றார்கள். வேறு ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, நீண்டு சுருங்கும் அதன் பல்லிணைப்பு கிரீஸ் இல்லாமல் உலர்ந்திருப்பதைக் காட்டினார். பிரேக் போடும்போது பின்பக்கம் உயர, அந்த இணைப்பு நழுவாமல் சிக்கிக்கொண்டு, பிறகு ஒரே தாவலில் விடுபட்டிருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் இட்டதோடு அந்த அடி போய்விட்டது. வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, 'என்'னில் போட்டு ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஜாயிண்டின் சிலுவையில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமோ, துருப்பொடியோ இருந்தால் அதை மாற்ற வேண்டும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுன்டிங்குகள் கிழிந்திருந்தாலும் இதே உணர்வு வரும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், உலர்ந்த தார்ச்சாலையில், முன் பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் 4எச் நிலையை விடாமல் ஓட்டினால், வளைவுகளில் முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று ஒன்றையொன்று முறுக்கி, இடிப்பாக விடுபடும். அது கோளாறே அன்று. ஓட்டும் முறையில் உள்ள தவறு.

மிதமான வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தபடி போகும்போது, கரடான பாதையில் ஓடுவதுபோல் உதறுகிறது. இதுவும் கியர் உதைப்புதானா?

இல்லை, இது பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்தும் நழுவியும் வரும் உதறல். எரிபொருளை மிச்சப்படுத்த அந்தக் கிளட்சைக் கணினி சிறிதளவு நழுவவிட்டே இயக்குகிறது. ஆயிலின் உராய்வுத் தன்மை கெட்டால் சீராக நழுவ முடியாமல் அது நடுங்குகிறது. அந்த வேகத்திலேயே பிரேக் பெடலை இடது காலால் மிக லேசாகத் தொட்டால் லாக்கப் விடுபடும். உதறலும் அதே கணத்தில் நின்றால் காரணம் உறுதிப்படும். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் தேடுங்கள். எஞ்சினின் ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவதும் இதேபோல்தான் தெரியும்.

எஞ்சினின் கோளாறு கியர் மாற்றத்தைப் பாதிக்குமா?

நிச்சயமாக. கிளட்சை எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்பதை எஞ்சின் அந்தக் கணத்தில் தரும் இழுவையைக் கொண்டே கணினி முடிவு செய்கிறது. காற்றோட்ட சென்சார் அழுக்கடைந்தாலோ, த்ராட்டில் நிலை தவறாகப் பதிவானாலோ கணக்கு பிசகும். நவீன வண்டிகளில் மேல் கியருக்கு மாறும் கணத்தில் எஞ்சின் தன் இழுவையைச் சற்றுக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் கியர்பாக்ஸ் எவ்வளவு நலமாக இருந்தாலும் உதைக்கும். தளர்ந்த பேட்டரி முனையும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் சோலனாய்டுகளைத் தடுமாறச் செய்வதுண்டு. கணினி இல்லாத பழைய பிக்கப்களில், எடுத்துக்காட்டாக ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400 போன்ற 3 கியர் பெட்டிகளில், எஞ்சினின் சுமையை ஒரு வேக்குவம் குழாய் தெரிவித்தது. அந்த ரப்பர் குழாய் வெடித்தால் போதும்; எஞ்சின் முழுச் சுமையில் இருப்பதாகக் கொண்டு கியர்பாக்ஸ் அழுத்தத்தை ஏற்றித் தாமதமாகவும் கடுமையாகவும் மாற்றும்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஸ்கேன் செய்து பயன் உண்டா?

உண்டு. விளக்கை எரியவைக்கும் அளவுக்கு முற்றாத குறைகளும் நினைவகத்தில் பதிந்திருக்கும். ஸ்கேன் கருவி காட்டும் பிழை எண்களில் பி0700 என்பது கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. அதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. பி0715 உள்சுழற்சி சென்சாரையும், பி0720 வெளிச்சுழற்சி சென்சாரையும், பி0741 லாக்கப் கிளட்சையும் சுட்டுகின்றன. பி0730 முதலான எண்கள், கேட்ட கியர் விகிதமும் கிடைத்த விகிதமும் பொருந்தவில்லை என்பதைச் சொல்கின்றன, அதாவது வழுக்கல். எண் எந்தச் சுற்றைச் சோதிக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறதே தவிர, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அன்று. சோலனாய்டு எண் வந்ததும் சோலனாய்டை மாற்றி, பிறகு வயர் அறுந்திருந்ததைக் கண்டுபிடிப்பது தவிர்க்கக்கூடிய செலவு.

சில மாடல்களில் இது தயாரிப்பிலேயே உள்ள குறையா?

ஆம், பதிவான நிகழ்வுகள் உள்ளன. 6 கியர் கொண்ட 2011 முதல் 2013 வரையிலான ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் வெளிச்சுழற்சி சென்சாரின் தகவல் இடையில் அறுந்து, ஓடும்போதே திடீரென முதல் கியருக்கு இறங்கிவிடும் அபாயம் இருந்ததால், 2019-இல் வட அமெரிக்காவில் சுமார் 14.8 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2014 மாடலின் சுமார் 5.5 லட்சம் வண்டிகளுக்கு 2024-இல் அதே காரணத்துக்காக அழைப்பு வந்தது. தீர்வு, கணினியின் மென்பொருளைப் புதுப்பிப்பது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2015 முதல் பிக்கப்களில் பொருத்திய 8 கியர் பெட்டிகளில் லாக்கப் உதறல் பரவலாகப் புகாரானது. முதலில் பயன்படுத்திய ஆயில் ஈரத்தை ஈர்த்துக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணமாகக் கொள்ளப்பட்டு, வேறு ஆயிலுக்கு மாற்றுமாறு நிறுவனம் தன் சேவை மையங்களுக்கு அறிவுறுத்தியது. 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியரில் ரேடியேட்டருக்குள் அமைந்த ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்தது. அந்த ஆண்டுகளின் வண்டியைப் பழையதாக வாங்குபவர், ரேடியேட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள அழைப்போ மென்பொருள் புதுப்பிப்போ இருக்கிறதா என்று விசாரிப்பதற்குச் செலவில்லை. பிரிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

சுமை இழுப்பதற்கான 'டோ/ஹால்' பொத்தானை அழுத்தினால் கியர் கடுமையாக மாறுகிறது. குறையா?

குறையன்று. அந்த நிலையில் தட்டுகள் நழுவும் நேரத்தைக் குறைக்க, பிடிப்பு வேண்டுமென்றே வேகமாகவும் உறுதியாகவும் செய்யப்படுகிறது. நழுவல் குறைந்தால் வெப்பமும் குறையும். சுமை இழுக்கும்போது அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

உதைப்போடு தொடர்ந்து ஓட்டலாமா?

மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும் லேசான உதைப்போடு, சோதனைக்கு நேரம் கிடைக்கும்வரை சுமையின்றி ஓட்டலாம். வழுக்கல், கருகிய வாடை, 'டி' போட்டால் பிடிக்காமை, ஒரே கியரில் வண்டி சிக்கிக்கொள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். வழுக்கும் தட்டு சில கிலோமீட்டரில் எரிந்து, அதன் தூள் ஆயிலோடு வால்வ் பாடிக்கும் கூலருக்கும் சென்றுவிடும். அதன்பின் ஓர் அடுக்கை மாற்றுவதோடு வேலை முடியாது. பழுதான வண்டியைப் பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுழலாது. உள்ளே பேரிங்குகளும் பற்சக்கரங்களும் ஆயில் இன்றி சுழன்று தேயும். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள்.

பழுது பார்த்த பிறகும் சில நாட்கள் கியர் தாறுமாறாக மாறுகிறதே?

ஒவ்வோர் அடுக்கும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கணினி ஓட்டத்திலிருந்தே கற்று, தேய்மானத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறது. தட்டுகளோ வால்வ் பாடியோ புதிதாக வந்த பிறகு பழைய கணக்கு பொருந்தாது. அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். சில வண்டிகளுக்கு இதற்கென ஸ்கேன் கருவியில் தனி நடைமுறை உண்டு. மற்றவற்றில், ஆயில் முழுமையாகச் சூடேறிய பிறகு, நிதானமான ஒரே அளவு ஆக்சிலரேட்டரில் எல்லாக் கியர்களும் ஏறும்வரை ஓட்டி, பிரேக்கை மென்மையாகப் பிடித்து முழுமையாக நிறுத்தி, சில நொடிகள் பொறுத்து மீண்டும் கிளப்ப வேண்டும். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் மாற்றங்கள் சீராகும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னும் அதே மாற்றத்தில் அதே உதைப்பு இருந்தால், வேலை செய்த இடத்துக்கே, முன்பு எழுதிய குறிப்போடு, திரும்பிச் செல்லுங்கள்.